துருவத்தில் தெரியும் பச்சைப் புள்ளி ஏற்பி வலைதானா?

மின்டன்_கயல் | பினாங்கு

வணக்கம். ஈ. கோலி பாக்டீரியாவோட ஆர்பி437 வகையில, செரின்ங்கற அமினோ அமிலத்தை உணருற டீஎஸ்ஆர் ஏற்பியோட பின்முனையில ஜிஎஃப்பி (பச்சையா ஒளிர்ற புரதம்) ஒட்டி பிளாஸ்மிட்ல வச்சிருக்கு. 0.5 மில்லிமோலார் ஐபிடிஜி (பிளாஸ்மிட் மரபணுவை இயக்கிவிடுற வேதிப்பொருள்), எல்பி வளர்ப்புத் திரவம், 37 டிகிரி, இரவு முழுக்க வளர்ப்பு. மைக்ரோஸ்கோப்ல கிட்டத்தட்ட எல்லா செல்லிலும் ஒரு துருவத்துல பளிச்சுன்னு ஒரு புள்ளி. ஏற்பியோட சேர்ந்து வேலை செய்யுற கைனேஸ் (பாஸ்பேட் ஏத்துற நொதி) கீ-ஏ இல்லாத வகையிலயும் மங்கலா தெரியுது. மென் அகார் தட்டுல (செல் உணவைத் தேடி நீந்தினா வளையம் விரியுற சோதனை) வளையமே விரியல.

"ஏற்பிகள் சவ்வில் அறுகோண வலையாக அமைந்துள்ளன"ன்னு ஆய்வறிக்கையில எழுத இந்தப் படம் போதுமா? குளிர்நிலை எலக்ட்ரான் டோமோகிராஃபி (செல்லை உறைய வச்சு எலக்ட்ரானால முப்பரிமாணப் படம் எடுக்கிறது) செய்ய வழியில்லை. வேற என்ன சோதனை வச்சா நிக்கும்?

பந்தாய்_வேலு | கோலாலம்பூர்

போதாது. முதல் காரணம் அளவு. ஒளி மைக்ரோஸ்கோப் பிரித்துக் காட்டுவது சுமார் 250 நானோமீட்டர் வரை. வலையில் ஓர் அறுகோணத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 12 நானோமீட்டர்தான். இருபது அறுகோணம் வரிசையாக நின்றாலும் உங்கள் கேமராவுக்கு அது ஒரே மங்கல்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். 12 நானோமீட்டர் இடைவெளி என்றால் ஓர் அலகின் பரப்பு சுமார் 125 சதுர நானோமீட்டர். அதற்குள் ஏற்பிச் சங்கிலிகள் 12. செல்லில் 10,000 சங்கிலிகள் இருந்து எல்லாமே ஒரே வலையில் சேர்ந்தால் மொத்தப் பரப்பு 104,000 சதுர நானோமீட்டர், அதாவது 360 நானோமீட்டர் விட்டமுள்ள வட்டம். ஒளிப்படத்தில் அது ஒரு புள்ளி. அதே எண்ணிக்கைப் புரதம் ஒழுங்கில்லாமல் உருண்டு கிடந்தாலும் ஒரு புள்ளிதான். படத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது.

செந்தூல்_தேவி | கோலாலம்பூர்

வேலு அண்ணன் சொன்ன அந்த 12 எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சாத்தான் எந்தச் சோதனை எதைக் காட்டும்னு புரியும். அதனால கட்டமைப்பைக் கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

ஏற்பி தனியா நிக்காது. ரெண்டு சங்கிலி சேர்ந்து ஓர் இரட்டை. ஒரு சங்கிலி சுமார் 60 கிலோடால்டன். சவ்வுக்கு வெளியே இருக்குற பகுதி செரினையோ ஆஸ்பார்ட்டேட்டையோ பிடிக்கும். ரெண்டு சுருள் சவ்வைக் கடக்கும், உள்ளே ஹாம்ப்ங்கற இணைப்புப் பகுதி, அதுக்கும் கீழே நீளமான சுருள்கட்டு இறங்கி, நுனியில கொண்டையூசி மாதிரி திரும்பி மேலே போகும். அந்த நுனியிலதான் விஷயமே இருக்கு. மூணு இரட்டைகள் நுனியை நுனியோட ஒட்டிக்கிட்டு ஒரு மூவிரட்டையா நிக்கும். 1999-ல வந்த டீஎஸ்ஆர் உட்பகுதியின் படிக அமைப்புல இது முதல்ல தெரிஞ்சது. ஒட்டுற இடத்துல 385-ஆம் குளுட்டமேட்டும் 388-ஆம் ஆர்ஜினினும் முக்கியம்.

ரெண்டு மூவிரட்டை, ஒரு கீ-ஏ இரட்டை, ரெண்டு கீ-டபிள்யூ (ஏற்பியையும் கீ-ஏவையும் இணைக்கிற புரதம்). இதுதான் சமிக்ஞை தர்ற மிகச் சின்ன அலகு. கீ-ஏவின் ஐந்தாம் பகுதியும் கீ-டபிள்யூவும் மாறி மாறிக் கைகோத்து ஆறு உறுப்பு வளையமாகும்போது அலகுகள் ஒண்ணோடொண்ணு பூட்டிக்கும், தேன்கூடு உருவாகும். மூவிரட்டைகள் அறுகோணத்தோட முனைகள்ல நிக்கும். பக்கத்துப் பக்கத்து மூவிரட்டைக்கு நடுவுல சுமார் 7 நானோமீட்டர். பக்கவாட்டுல வெட்டிப் பார்த்தா உட்சவ்வுக்கு 25 நானோமீட்டர் கீழே, சவ்வுக்கு இணையா ஒரு கருப்புக் கோடு ஓடும். அது கீ-ஏ, கீ-டபிள்யூ அடித்தளம்.

ஆக மூணு அடுக்கு இருக்கு: துருவத்துல சேர்றது, மூவிரட்டை ஆகுறது, வலையாப் பூட்டிக்கிறது. ஒண்ணைக் காட்டிட்டு இன்னொண்ணை எழுதக் கூடாது. கயல் தங்கச்சி காட்டினது முதல் அடுக்கு. அதுவும் சந்தேகத்தோட.

மின்டன்_கயல் | பினாங்கு

சந்தேகம் ஏன் அக்கா? புள்ளி தெளிவாத்தானே இருக்கு?

ஆயர்ஈத்தாம்_7 | பினாங்கு

தட்டுல வளையம் விரியலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதுதான் சந்தேகம். உங்க செய்முறையில அஞ்சு இடத்துல கை வைக்கணும்.

எல்பி, 37 டிகிரி, இரவு முழுக்க: மூணுமே கசையிழைக்கு, அதாவது செல் நீந்துற வாலுக்குப் பகை. 37 டிகிரியில ஈ. கோலி கசையிழை மரபணுக்களை அடக்கிடும், ஏற்பியும் கீ-ஏவும் அதே கட்டுப்பாட்டுலதான் வருது. டிரிப்டோன் திரவத்துக்கு மாறுங்க: லிட்டருக்கு டிரிப்டோன் 10 கிராம், உப்பு 5 கிராம். இரவு வளர்ப்பை 1:100 கலந்து 30 டிகிரியில வளர்த்து ஓடி (செல் அடர்த்தியைக் காட்டுற கலங்கல் அளவு) 0.4 முதல் 0.6-க்குள்ள எடுக்கணும். குளுக்கோஸ் ஒரு சிட்டிகை கூட வேண்டாம். அது இருந்தா சுழல் ஏஎம்பிங்கற சமிக்ஞை மூலக்கூறு குறையும், அது குறைஞ்சா கசையிழையே வராது.

0.5 மில்லிமோலார் ஐபிடிஜி அதிகம். ஏற்பி அளவுக்கு மேல போனா கீ-ஏவும் கீ-டபிள்யூவும் பத்தாம, பெரும்பாலான ஏற்பி கைனேஸ் இல்லாம அநாதையா நிக்கும். இன்னும் ஏத்தினா சவ்வே உள்பக்கமா மடிஞ்சு, எதிரெதிர்ச் சவ்வுல உள்ள ஏற்பி நுனிகள் ஜிப் மாதிரி கோத்துக்கும். 10 மைக்ரோமோலார்ல தொடங்கி, ஒவ்வொரு அளவுலயும் தட்டுச் சோதனை வச்சு, வளையம் நல்லா விரியுற அளவைத் தேர்ந்தெடுங்க. அந்த அளவுல எடுத்த படம் மட்டும்தான் படம்.

பின்முனையில ஜிஎஃப்பி: டீஎஸ்ஆர், ஆஸ்பார்ட்டேட்டை உணருற டார் ஏற்பி, ரெண்டுக்கும் கடைசி அஞ்சு அமினோ அமிலந்தான் மெத்தில் ஏத்துற கீ-ஆர் வந்து பிடிக்கிற கொக்கி. அது மேலயே ஜிஎஃப்பியை ஒட்டினா தழுவல் (சூழலுக்கு ஏத்தபடி உணர்திறனைச் சரிசெய்யுறது) கெடும். தழுவல் கெட்டா வளையம் வராது.

எந்த ஜிஎஃப்பி? சாதா வகை தங்களுக்குள்ளயே ஒட்டிக்கும் குணம் உள்ளது. 206-ஆம் அலனினை லைசினா மாத்தின ஒட்டாத வகை வேணும். ஏற்கெனவே அடர்த்தியா நிக்கிற புரதத்துல பலவீனமான ஒட்டுதலே போதும், இல்லாத புள்ளியை உண்டாக்கிடும்.

அஞ்சாவதுதான் பெரிசு. மடிப்புக் கெட்ட புரதக் குவியலும் துருவத்துக்குத்தான் போகும். நடுவுல டிஎன்ஏ அடைச்சிருக்கு, குவியலுக்கு வேற இடமில்லை. பளிச்சுன்னு ஒரே புள்ளி, அதுவும் ஒரு துருவத்துல மட்டும், அதுவும் 37 டிகிரியில அதிக வெளிப்பாட்டுல. எனக்கு அது ஏற்பியை விடக் குவியல் மாதிரிதான் படுது.

பந்தாய்_வேலு | கோலாலம்பூர்

ஒளியழிப்பு மீட்சி (ஓரிடத்தின் ஒளிர்வை அழித்து, அது திரும்புகிறதா என்று பார்ப்பது) வைத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அது இங்கே உதவாது. வலையில் உள்ள ஏற்பியும் கீ-ஏவும் பல நிமிடங்கள் இடம் மாறாது. குவியலும் இடம் மாறாது. இரண்டுக்கும் ஒரே தட்டையான கோடு வரும். அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு "நிலையான வலை" என்று எழுதுகிறவர்கள் உண்டு.

வேறு வழி: ஏற்பியில் ஒளிர்புரதம் ஒட்டவே வேண்டாம். ஏற்பியை இயல்பு அளவில் விட்டுவிட்டு, அதைத் தேடி வரும் புரதத்துக்கு ஒட்டுங்கள். ஒய்எஃப்பி-கீ-ஆர் (மஞ்சள் ஒளிர்புரதம் ஒட்டிய கீ-ஆர்) வந்து குவிந்தால் அங்கே கொக்கியுள்ள ஏற்பி இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். கீ-ஒய் என்ற சமிக்ஞைப் புரதத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் கீ-இசட் அதைவிட நல்ல சாட்சி. அது ஏற்பியை நேரே பிடிப்பதில்லை, குட்டை வடிவக் கீ-ஏ வழியாகத்தான் துருவத்துக்கு வரும். கீ-இசட்-ஜிஎஃப்பி புள்ளி தெரிந்தால் அந்தக் கொத்தில் கீ-ஏ பூட்டியிருக்கிறது. கீ-ஏ நீக்கிய வகையில் அந்தப் புள்ளி காணாமல் போக வேண்டும். போகாவிட்டால் சோதனையில் கோளாறு.

ஜெலுத்தோங்_முனி | பினாங்கு

கீ-ஏ இல்லாமலும் ஏற்பி துருவத்தில் சேரும்தானே? 1993-இல் மேடக்கும் ஷப்பீரோவும் தங்கத் துகள் ஒட்டிய எதிர்ப்புரதத்தை வைத்துத் துருவக் கொத்தை முதலில் காட்டியபோதே, கீ-ஏ, கீ-டபிள்யூ இல்லாத வகைகளில் கொத்து தளர்ந்தாலும் துருவ விருப்பம் முழுக்கப் போகவில்லை. அப்படியிருக்க, கயலின் மங்கலான புள்ளியைக் குவியல் என்று தள்ளிவிட முடியாது. ஏற்பியே வளைந்த சவ்வை விரும்புகிறது. மூவிரட்டை ஆப்பு வடிவம், துருவத்தின் வளைவுக்குப் பொருந்துகிறது. அதுவே போதுமான விளக்கம்.

செந்தூல்_தேவி | கோலாலம்பூர்

துருவ விருப்பம் மிஞ்சுதுங்கறது சரி. வளைவு மட்டுமே காரணம்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். 2009-ல ஒற்றை மூலக்கூறு ஒளிப்படத்துல டார், கீ-டபிள்யூ, கீ-ஒய் மூணையும் எண்ணினப்போ, பெரிய கொத்து சில, சின்னது நிறைய, தனியா அலையுறது அதை விட நிறையன்னு வந்தது. கொத்துகளோட அளவு அடுக்குக்குறி முறையில குறைஞ்சுகிட்டே போகுது. யாரும் கொண்டு போய் வைக்கல. அலையுற ஏற்பி பக்கத்துல கொத்து இருந்தா சேருது, இல்லேன்னா புதுசா ஒண்ணு தொடங்குது. துருவத்துல சுவர் புதுசா வளர்றதில்லை, அங்க போய்ச் சேர்ந்தது அங்கயே தங்கி தலைமுறை தலைமுறையாப் பெருக்குது.

செல்லோட பக்கவாட்டுல, அடுத்துப் பிரியப்போற இடத்துலயே சின்னக் கொத்து நிக்கிறதை 2007-லயே காட்டியாச்சு. அந்த இடம் வளைஞ்சு இல்லை, தட்டை. வளைவுக் கதைக்கு அது எப்படிப் பொருந்தும்?

ஜெலுத்தோங்_முனி | பினாங்கு

பக்கவாட்டுக் கொத்துக்கு டோல்-பால் தொகுதி பிடிமானம் தருகிறது. அது பிரியும் இடத்தில் வேலை செய்யும் தொகுதி. ஆக வளைவு, தானாகச் சேர்தல், டோல்-பால் மூன்றும் கலந்தே நடக்கலாம். ஆனால் தானாகச் சேர்தல் ஒன்றே போதும் என்றால், அந்தத் தொகுதியின் டோல்-ஏ புரதத்தை நீக்கினால் துருவக் கொத்து ஏன் குறைகிறது?

செந்தூல்_தேவி | கோலாலம்பூர்

நியாயமான கேள்வி. ஆனா அது "எங்கே நிக்குது" என்கிற கேள்வி. கயலுக்கு வேணும்கறது "எப்படி அடுக்கியிருக்கு". துருவ விவாதத்தைத் தனி இழையில வச்சுக்கலாம் முனி அண்ணே, இது இன்னைக்கு முடியாது.

மின்டன்_கயல் | பினாங்கு

மூவிரட்டையைக் காட்ட சிஸ்டீன் பிணைப்புச் சோதனை இருக்குன்னு படிச்சேன். அளவு, நேரம் எல்லாம் யாராவது சொன்னா உதவியா இருக்கும்.

ஆயர்ஈத்தாம்_7 | பினாங்கு

டிஎம்இஏ. மூணு கை உள்ள மெலிமைட், ஒவ்வொரு கையும் ஒரு சிஸ்டீனைப் பிடிக்கும். டீஎஸ்ஆர், டார் ரெண்டுலயும் இயல்பா ஒரு சிஸ்டீன் கூடக் கிடையாது, அதுவே பெரிய வசதி. டீஎஸ்ஆரின் 364-ஆம் செரினை சிஸ்டீனா மாத்தினா, மூவிரட்டையோட நடு அச்சுல மூணு இரட்டையிலிருந்தும் ஒவ்வொரு சிஸ்டீன் எதிரெதிரா வந்து நிக்கும்.

செல்லை மேலே சொன்ன மாதிரி டிரிப்டோன்ல 30 டிகிரியில வளர்த்து, மெதுவாச் சுழற்றி எடுத்து, 10 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட், பிஎச் 7.0, 0.1 மில்லிமோலார் இடிடிஏ, இதுல கழுவி ஓடி 2-க்குக் கொண்டு வரணும். அரை மில்லிலிட்டரை 30 டிகிரியில 5 நிமிடம் வைங்க. டிஎம்எஸ்ஓவுல கரைச்ச 5 மில்லிமோலார் டிஎம்இஏ 5 மைக்ரோலிட்டர் போட்டா 50 மைக்ரோமோலார். எண்ணி 20 விநாடி. உடனே எத்தனால்ல கரைச்ச 1 மோலார் என்-எத்தில்மெலிமைட் 5 மைக்ரோலிட்டர், அதாவது 10 மில்லிமோலார், போட்டு நிறுத்தணும். சுழற்றி, மாதிரித் தாங்கல்ல கலந்து 95 டிகிரியில 5 நிமிடம். 10 விழுக்காட்டு ஜெல், பிஸ் அளவைக் குறைச்சது. டீஎஸ்ஆர் உட்பகுதிக்கு எதிரான எதிர்ப்புரதத்தால வெஸ்டர்ன் பிளாட் (ஜெல்ல பிரிஞ்ச புரதத்தை அடையாளம் காணுறது). அந்தப் பகுதி எல்லா ஏற்பியிலயும் ஒரே மாதிரி இருக்கறதால டாரையும் அதே பிடிக்கும்.

கெடுறது எங்கேன்னா: நேரம் 20 விநாடியைத் தாண்டினா, தற்செயலா மோதுற ஏற்பிகளும் பிணைஞ்சுக்கும், கணநேரப் படம்ங்கற பொருளே போயிடும். டிஎம்இஏவைத் தண்ணியில கரைச்சு வைக்கக் கூடாது, நீராற்பகுப்பு ஆகிடும். பிஎச் 7.5-ஐத் தாண்டினா மெலிமைட் அமீனையும் பிடிக்கத் தொடங்கும். பிணைப்புக்கு முன்னாடி டிடிடீ, மெர்காப்டோஎத்தனால் எதுவும் பக்கத்துலயே வரக் கூடாது, எல்லா மெலிமைட்டையும் அதுவே தின்னுடும். பிணைப்பு முடிஞ்ச பிறகு மாதிரித் தாங்கல்ல இருந்தா பரவாயில்லை. டைசல்ஃபைட் மாதிரி இது பிரியாது.

மின்டன்_கயல் | பினாங்கு

ஒற்றைச் சங்கிலி இருக்க வேண்டிய இடத்துல 3, 4 கோடு வந்தா?

ஆயர்ஈத்தாம்_7 | பினாங்கு

அது பிணைப்பு இல்லை, மெத்தில். மெத்தில் அதிகம் ஏறின ஏற்பி ஜெல்ல வேகமா ஓடும், அதனால ஒரே ஏற்பி ஏணி மாதிரி பிரியும். மெத்தில் ஏத்துற கீ-ஆர், மெத்தில் எடுக்கிற கீ-பி ரெண்டையும் நீக்கின வகைக்கு மாத்துங்க. எல்லா ஏற்பியும் ரெண்டு குளுட்டமின், ரெண்டு குளுட்டமேட் நிலையிலேயே நிக்கும், கோடு ஒண்ணாகும். அப்புறம் மேலே ரெண்டு சங்கிலி பிணைஞ்சது, அதுக்கும் மேலே மூணு பிணைஞ்சதுன்னு தெளிவா வரும். நாலு வரக் கூடாது. வந்தா நேரத்தையும் அளவையும் குறைங்க.

ஒப்பீட்டுக்கு 364-ஆம் சிஸ்டீனோட மூவிரட்டை ஒட்டுமிடத்தையும் கெடுத்த ஒரு வகை வேணும். அதுல மூணு பிணைஞ்ச கோடு போயிடணும். டார், டீஎஸ்ஆர் ரெண்டையும் சிஸ்டீனோட ஒரே செல்லுல வெளிப்படுத்தினா ரெண்டும் கலந்த கோடுகள் நடுவுல வரும். வெவ்வேறு ஏற்பிகள் ஒரே மூவிரட்டையில சேர்ந்து நிக்கிறதை 2002-ல அப்படித்தான் காட்டினாங்க.

பந்தாய்_வேலு | கோலாலம்பூர்

ஒரு வரி சேர்க்க வேண்டும். கீ-ஏ, கீ-டபிள்யூ இரண்டும் இல்லாமலே மூவிரட்டை உருவாகும். டிஎம்இஏ கோடு அழகாக வந்தாலும் அது வலைக்குச் சாட்சி ஆகாது.

வலைக்கு அருகில் வர இரண்டு வழி. ஒன்று, கீ-ஏவின் ஐந்தாம் பகுதிக்கும் கீ-டபிள்யூவுக்கும் இடையே உள்ள இரண்டாம் தொடர்புமுகத்தில் ஆளுக்கொரு சிஸ்டீன் வைத்து டைசல்ஃபைட் பிணைப்பைப் பார்ப்பது. முதல் தொடர்புமுகம் அலகுக்குள்ளேயே இருப்பது. இரண்டாவதுதான் அலகையும் அலகையும் பூட்டுவது. 2016-இல் அந்த இரண்டாம் முகத்தைக் கெடுத்தபோது அலகுகள் உருவாயின, கைனேஸ் வேலை செய்தது, ஆனால் ஒத்துழைப்பு சரிந்தது.

இன்னொன்று, கீ-ஒய்-ஒய்எஃப்பி, கீ-இசட்-சிஎஃப்பி இணையை வைத்து ஃபிரெட் (இரண்டு ஒளிர்புரதங்கள் நெருங்கும்போது ஒளியாற்றல் கைமாறுவதை அளப்பது). செரின் அளவைப் படிப்படியாக ஏற்றி கைனேஸ் வேகம் எவ்வளவு கூர்மையாக விழுகிறது என்று ஹில் எண்ணைப் பார்ப்பது. ஏற்பிகள் தனித்தனியே வேலை செய்தால் அது 1-ஐ ஒட்டி நிற்கும். சுர்ஜிக்கும் பெர்க்கும் 2002-இல் அளந்தபோது ஏற்பி நிரம்பும் விகிதத்தில் ஏற்படும் சிறு மாற்றம் கைனேஸில் சுமார் 35 மடங்கு பெருகியது. அத்தனை பெருக்கத்துக்கு ஓர் இரட்டையோ ஒரு மூவிரட்டையோ தனியாகப் போதாது, பக்கத்தில் உள்ளவை சேர்ந்து புரள வேண்டும். சவ்வைக் கடக்கும் சுருள் வெறும் 1.6 ஆங்ஸ்ட்ராம் அளவு கீழே இறங்குவதுதான் தொடக்கம் என்பதை நினைத்தால் வலை எதற்கு என்று விளங்கும்.

கண்ணால் பார்த்தே ஆக வேண்டுமென்றால் டோமோகிராஃபிதான். முழு ஈ. கோலி எலக்ட்ரானுக்குத் தடிப்பு. அதனால், செல் நடுவில் பிரிவதை உறுதிசெய்யும் 'மின்' (min) என்ற மரபணு கெட்ட வகையிலிருந்து வரும் குட்டிச் செல்களை எடுப்பார்கள். அவை துருவத்தில் பிரிவதால் ஏற்பி செறிந்திருக்கும், மெல்லியதும் கூட.

கிள்ளான்லாமா_ராணி | கோலாலம்பூர்

சூடோமோனாஸ் ஏருஜினோசாவிலும் இதே 12 நானோமீட்டர்தானா? அதில் ஏற்பி மரபணு 26 இருக்கிறதே, எல்லாம் ஒரே வலையிலா?

செந்தூல்_தேவி | கோலாலம்பூர்

இடைவெளி ஏறக்குறைய எல்லா பாக்டீரியாவிலயும் அதேதான். உயரம்தான் மாறும். உட்பகுதிச் சுருளில் எத்தனை ஏழு-அமினோ-அமில அடுக்குன்னு எண்ணித்தான் வகை பிரிப்பாங்க. ஈ. கோலி ஏற்பிகள் 36, சூடோமோனாஸ்ல பெரும்பாலானது 40. உயரம் ஒத்துப்போறதுதான் ஒரே அடித்தளத்துல சேர முடியும், மத்தது தனி வலை. ரோடோபாக்டர் ஸ்ஃபீராய்ட்ஸ், விப்ரியோ காலரே ரெண்டுலயும் சவ்வைத் தொடாம சைட்டோபிளாசத்துலயே மிதக்கிற கொத்தும் உண்டு.

மின்டன்_கயல் | பினாங்கு

ரொம்ப நன்றி. முதல்ல தட்டை ஒழுங்கா வரவைக்கிறேன். 0.3 விழுக்காடு அகார், டிரிப்டோன், 30 டிகிரி, 8 மணி நேரம் சரிதானே?

ஆயர்ஈத்தாம்_7 | பினாங்கு

சரி. தட்டுக்கு 25 மில்லிலிட்டர். செல்லை மேலே விடாம ஊசிமுனையால அகாருக்குள்ள குத்தி வைங்க. தட்டைக் கவிழ்க்காதீங்க. இயல்பு வகையில ரெண்டு வளையம் வரும், வெளியே உள்ளது செரினைத் தின்னுகிட்டுப் போறது, உள்ளே உள்ளது ஆஸ்பார்ட்டேட். டீஎஸ்ஆர் இல்லாததுல வெளி வளையம் இருக்காது, அதையும் ஒரே தட்டுல பக்கத்துல வைங்க.

நம்ம ஊருக்குன்னு ரெண்டு விஷயம். சூடு மட்டும் ஏத்துற இன்குபேட்டர் 30-ஐப் பிடிக்காது. அறையை விட 5 டிகிரியாவது மேலே இருந்தாத்தான் அது கட்டுப்படும், ராத்திரி ஏர்கானை அணைச்சுட்டா பினாங்குல அறையே 30-ஐத் தொடுது. உள்ளே 33, 34 ஏறிடும், காலையில காட்டி சரியாத்தான் இருக்கும். குளிரூட்டலும் உள்ளதைக் கேட்டு வாங்குங்க லா. ரெண்டாவது ஈரப்பதம். தட்டு மேல தண்ணிப் படலம் நின்னா செல் அகாருக்குள்ள நீந்தாம மேலேயே வழியும், ஓரம் கிழிஞ்ச கள்ள வளையம் வரும். ஊத்தின பிறகு மூடியைக் கொஞ்சம் திறந்து லாமினார் அறையில 15 நிமிடம் விடுங்க, அதுக்கு மேல விட்டா அகார் இறுகிடும்.

மின்டன்_கயல் | பினாங்கு

ஏர்கான் ராத்திரி 10-க்கு அணையும். அப்போ பகல்லயே 8 மணி நேரத்தை முடிச்சிடுறேன். கீ-இசட்-ஜிஎஃப்பிக்கு ஐபிடிஜி எவ்வளவு?

பந்தாய்_வேலு | கோலாலம்பூர்

அதற்கும் தட்டுதான் தீர்ப்பு. கீ-இசட் நீக்கிய வகையில் வைத்து, வளையம் இயல்பு வகையின் அளவுக்கு மீளும் மிகக் குறைந்த அளவை எடுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் கீ-ஒய்யின் பாஸ்பேட் சீக்கிரம் கழன்று செல் திரும்பவே மறந்து நேராக ஓடும், வளையம் மறுபடி சுருங்கும்.